கூரைப் பீலிக்கு மூடி போட்டவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேப்பிளடி, ஸ்காபரோ

எங்கள் வீடு 1960களில் கட்டியது, இரண்டு மாடி. பின்வளவில் வேலியோடு ஒட்டி ஒரு பெரிய சில்வர் மேப்பிள் நிற்கிறது. அதன் கிளைகளில் பாதி எங்கள் கூரைக்கு மேலே. மே கடைசியில் செட்டை வைத்த விதைகள் சுழன்று சுழன்று விழும். ஒக்டோபர், நவம்பரில் இலை. வருஷத்தில் இரண்டு தரம், கூரைத் தண்ணியை விளிம்பில் ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகும் பீலி அடைபடும், இரண்டு தரம் நான் ஏணி வைத்து ஏறுவேன். இந்த வருஷம் வேலைப்பளுவில் ஜூன் மாதம் ஏறவில்லை.

ஜூலை 16 காலையில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024இல் அந்த ஒரு நாளில் மட்டும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கூரை சுமார் 100 சதுர மீற்றர். அதே அளவு இங்கேயும் விழுந்திருந்தால் 9,800 லீற்றர். அதில் பாதி பின்பக்கப் பீலிக்குப் போக வேண்டியது. போகவில்லை. குசினி யன்னலுக்கு வெளியே திரை போட்டதுபோல் விளிம்பு முழுக்க வழிந்து, சுவரோரம் மண்ணை அரித்து ஒரு வாய்க்காலே வெட்டிவிட்டது. பின்னேரம் பேஸ்மென்ட்டில் அப்பாவின் புத்தக அலுமாரிக்குக் கீழே கார்ப்பெட் சதசத என்று நனைந்திருந்தது.

அடுத்த நாள் ஏறிப் பார்த்தேன். பீலிக்குள் கறுப்புக் களி மாதிரி ஒன்று, அதன் மேல் விரல் நீளத்தில் மேப்பிள் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. தண்ணி இறங்கும் குழாயின் வாயில் விதைகள் அமுங்கி, கோர்க் அடைத்தது போல இறுகியிருந்தன. அதைத் தோண்டி எடுக்கும்போது ஏணியின் ஒரு கால் ஈர மண்ணில் புதைந்து சாய்ந்தது. கீழே பிடித்துக்கொண்டு நின்றவர் 71 வயது அப்பா. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு செக்கன் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

ஆகவேதான் கேட்கிறேன். பீலிக்குள் இலை விழாமல் தடுக்கக் கட்டர் கார்ட் என்று விற்கும் இந்த மூடிகள் காசுக்குப் பெறுமதியா? வீடு சுற்றி 150 அடி. ஒருவர் நுண்வலைக்கு 3,900 டொலர் சொன்னார், இன்னொருவர் துளை போட்ட அலுமினியத்துக்கு 1,350. ஆள் வைத்துத் துப்புரவு செய்தால் ஒரு தரத்துக்கு 180 கேட்கிறார்கள். போட்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

முல்லைப்பந்தல், மார்க்கம்

தம்பி, முதலில் அப்பாவை இனி ஏணிக்குக் கீழே நிற்க விடாதீர்கள்.

எங்களுடையது பங்களோ, மாடியில்லாத வீடு. கூரைக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்ப்ரூஸ். ஊசியிலை மரம் என்றால் பருவம் என்று ஒன்று கிடையாது, வருஷம் முழுக்கக் கொட்டும். முதலில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வலையைப் போட்டோம். அதன் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ஊசி குத்திக்கொண்டு நிற்கும், பின் குத்திய பஞ்சு மாதிரி. அதைக் கையால் பிடுங்கவும் ஏலாது, தண்ணி அடித்தும் போகாது. இரண்டாம் வருஷமே கழற்றி எறிந்துவிட்டு, 2019இல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நுண்வலை போட்டோம்.

அது நல்லது. ஊசி உள்ளே போகாது. ஆனால் “இனி வாழ்நாளில் துப்புரவு தேவையில்லை” என்று விற்றவர் சொன்னது உண்மையில்லை. இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மடிப்பின் அடியில் ஊசிகள் பாய் போலப் படிந்துவிடும். அந்த இடத்தில் தண்ணி வலைக்குள் இறங்காமல் அதன் மேலாக ஓடி நிலத்தில் விழும். வசந்தத்தில் மகரந்தத் தூள் ஒரு மஞ்சள் படலமாக வலையை மூடும். அப்போது சிறு மழைக்கே வழிந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். ஹோஸில் தண்ணி அடித்து மெதுவான தும்புத்தடியால் தேய்த்த பிறகு சரியாகிவிட்டது. இப்போது வருஷத்துக்கு இரண்டு தரம் நிலத்தில் நின்றபடியே நீண்ட தடியால் தட்டிவிடுகிறேன். முன்பு வாளி வாளியாகச் சேறு அள்ளுவோம்.

என் கணவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்த பிறகு ஏற ஏலாது. எனக்கு அந்தக் காசு பெறுமதியானதுதான். உங்களுடையது இரண்டு மாடி, தடி எட்டாது. அதை யோசியுங்கள்.

ஏஜக்ஸ் வாசி

பீலிக்குள் திணிக்கும் அந்தக் கறுப்பு ஸ்பொஞ்சை மட்டும் வாங்க வேண்டாம். மலிவு, போடுவது சுலபம் என்று நானும் வாங்கினேன். முதல் கோடை நன்றாக இருந்தது. இரண்டாம் கோடையில் ஸ்பொஞ்சின் துளைகளில் தூசு இறங்கி, அதில் விதை விழுந்து, பீலி முழுக்க முளைத்துவிட்டது. குளிர்காலத்தில் ஊறின ஸ்பொஞ்ச் அப்படியே ஐஸ் கட்டையாகி, அந்தப் பாரத்தில் பீலியைத் தாங்கும் கொளுக்கிகள் மூன்று கழன்று வந்தன. மூடியில் மிச்சம் பிடித்த காசை விட அதைத் திரும்ப அடித்ததற்குக் கொடுத்தது அதிகம்.

பீலிவேலை, பிக்கரிங்

நான் 14 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பீலி போடுவேன், மூடியும் போடுவேன். மூடி விற்றால் எனக்கு லாபம்தான். ஆனாலும் மேப்பிளடி, உங்கள் வீட்டில் நான் முதலில் மூடியைப் பற்றிக் கதைக்க மாட்டேன்.

பீலியைத் துப்புரவாக்கிவிட்டு ஒரு முனையில் ஒரு வாளி தண்ணியை ஊற்றுங்கள். அது குழாயை நோக்கி ஓட வேண்டும். பத்து அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டும். 60களில் கட்டிய வீடுகளில் பலகை உக்கி, ஆணி இளகி, நடுவில் பீலி தொய்ந்திருக்கும். தண்ணி அந்தத் தொய்வில் நிற்கும், விதை அங்கேதான் முளைக்கும். நுளம்பும் அங்கேதான் முட்டையிடும். தொய்ந்த பீலிக்கு மேலே 3,900 டொலர் மூடியைப் போட்டால் அந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும், அவ்வளவுதான்.

அப்புறம் குழாய். பழைய வீடுகளில் 2க்கு 3 அங்குலக் குழாய்தான் இருக்கும். அதை 3க்கு 4 ஆக்கினால் வாயின் பரப்பு இரட்டிப்பாகும், 6 சதுர அங்குலம் 12 ஆகும். விதைப் பந்து சிக்குவது பெரும்பாலும் நின்றுவிடும். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

மூன்றாவது, குழாய் தண்ணியை எங்கே கொண்டுபோய் விடுகிறது? ரொறன்ரோ நகரில் கூரைத் தண்ணியை நேரே நிலத்தடிக் கழிவுக்குழாயில் விடக்கூடாது என்று விதி இருக்கிறது. கட்டம் கட்டமாகக் கொண்டுவந்து 2016 கடைசியில் நகரம் முழுவதற்கும் ஆக்கினார்கள். நல்ல விதிதான், கனமழையில் கழிவுக்குழாய் நிரம்பிப் பேஸ்மென்ட்டுக்குள் ஏறுவதைத் தடுக்கத்தான் அது. ஆனால் குழாயை வெட்டியவர்கள் பலர் அதைச் சுவரோரமே விட்டுவிட்டார்கள். சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். நிலமும் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும்.

இவை மூன்றும் சரி என்றால்தான் மூடி. மரத்தைப் பார்த்து மூடியைத் தெரிவு செய்யுங்கள். மேப்பிள் போன்ற அகன்ற இலைக்குத் துளை போட்ட அலுமினியமே போதும். இலை மேலே கிடந்து காய்ந்து காற்றில் போகும். ஸ்ப்ரூஸ், பைன் என்றால் அக்கா சொன்னதுபோல் நுண்வலை. தெருவோரத்தில் நிற்கும் ஹனி லோகஸ்ட் இருக்கிறதே, அதன் இலை அரிசி மாதிரிச் சிறுசு, பெரிய துளைகளால் எல்லாம் உள்ளே போய்விடும். அதற்கும் நுண்வலைதான் வேண்டும். வளைந்த மூக்கு வைத்த முழு மூடி ஒன்றும் விற்கிறார்கள். தண்ணி அந்த வளைவைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பும் என்பது கணக்கு. சாதாரண மழைக்குச் சரி. செங்குத்தான கூரையில் கொட்டும் மழை என்றால் தண்ணி அந்த வேகத்தில் வளைவைப் பிடிக்காமல் தாண்டிப் பாய்வதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கூரையில் ஓடுபோல் அடுக்கியிருக்கும் ஷிங்கிளைக் கிளப்பி அதற்கு அடியில் செருகும் மூடி என்றால் கூரை போட்டவரிடம் முதலில் கேளுங்கள், கூரை உத்தரவாதம் பாதிக்கப்படலாம். கழற்றிப் பூட்டக்கூடிய மூடியா என்றும் கேளுங்கள். எந்த மூடிக்குள்ளும் நுண்ணிய சேறு சேரும். ஷிங்கிளிலிருந்து உதிரும் மணலே போதும். என்றைக்கோ ஒரு நாள் திறந்துதான் ஆக வேண்டும்.

ஏணி வைத்தால் நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே தள்ளி வையுங்கள். மண்ணில் வைக்காதீர்கள், கீழே அகலமான பலகை ஒன்று போடுங்கள். ஈர மண் என்றால் ஏறவே வேண்டாம்.

முல்லைப்பந்தல், மார்க்கம்

பீலிவேலை அண்ணா, ஒரு சந்தேகம். நுண்வலை போட்ட பிறகு குளிர்காலத்தில் விளிம்பில் ஐஸ் தூண் தூணாகத் தொங்குகிறது. வலையால் வந்ததா?

பீலிவேலை, பிக்கரிங்

வலை அதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஏனென்றால் வலை மேலேயே உறைந்துவிட்டால் உருகும் தண்ணிக்கு வெளியே போவதைத் தவிர வழியில்லை. ஆனால் காரணம் கூரைக்கு அடியில் உள்ள உங்கள் அட்டிக்கில் இருக்கிறது. வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்தத் தண்ணி குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைகிறது. அட்டிக் இன்சுலேஷனையும் காற்றோட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூடியை மாற்றி அது தீராது.

புதுமனை, பிரம்டன்

நான் சொல்லப்போவது போடாத அனுபவம். 2022இல் ஒரு பின்னேரம் ஒரு விற்பனையாளர் கதவைத் தட்டினார். ஒரு சின்னத் துண்டுப் பீலியைக் கையில் வைத்து, அதில் இலையைப் போட்டு, தண்ணி ஊற்றிக் காட்டினார். விலை 6,200 என்று தொடங்கி, இரவு ஒன்பது மணிக்கு “இன்று மட்டும்” 4,100 என்று வந்து நின்றது. கையெழுத்துப் போட்டு 500 முற்பணமும் கொடுத்துவிட்டேன். விடிய எழும்பி வெளியே போய்க் கூரையைப் பார்த்தேன். எங்களுடையது புதுக் குடியிருப்பு. சுற்றிவர மரமே இல்லை. தெருவோரம் நட்ட ஒரு கன்று என் தோள் உயரம்.

ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து செய்த ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மின்னஞ்சலும் அனுப்பி, பதிவுத் தபாலும் போட்டேன். போனில் இரண்டு தரம் மனம் மாற்றப் பார்த்தார்கள். நான் அசையவில்லை, முற்பணம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரு தரம் பீலியைப் பார்க்கச் சொன்னேன். அரை வாளி ஷிங்கிள் மணல், வேறொன்றுமில்லை. கையெழுத்துப் போடுமுன் தலையை நிமிர்த்தி உங்கள் கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நீலமலை, சிட்னி

உங்கள் பக்கத்துக் கதை ஐஸ், எங்கள் பக்கத்துக் கதை நெருப்பு. இங்கே யூகலிப்டஸ் இலை கோடையில்தான் அதிகம் விழும், அதே கோடையில்தான் காட்டுத்தீயும். காற்றில் பறந்து வரும் ஒரு தணல் காய்ந்த இலை நிறைந்த பீலிக்குள் விழுந்தால் கூரைக்குள் நெருப்பு ஏறும். காட்டுத்தீ ஆபத்துள்ள இடங்களில் மூடி போடுவதென்றால் அது எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்று கட்டட நியமம் ஏஎஸ் 3959 சொல்கிறது. எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் போட்ட பிளாஸ்டிக் வலையைக் கழற்றி உலோக வலை போட்டோம். 2019 கடைசியில் புகை சூழ்ந்த நாட்களில், பீலிக்குள் இலை இல்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். இங்கே நான் காசைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மேப்பிளடி, ஸ்காபரோ

பதினொரு மாதம் கழித்து எழுதுகிறேன். அப்போது பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, முக்கியமாகப் பீலிவேலை அண்ணாவுக்கு.

வாளித் தண்ணி ஊற்றிப் பார்த்தேன். குழாய்ப் பக்கம் போகாமல் நடுவில் குளமாக நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு ஆளைப் பிடித்துப் பின்பக்கப் பீலியைக் கழற்றிச் சரிவு வைத்துத் திரும்பப் பூட்டினோம். உக்கின பலகை எட்டு அடி மாற்றினோம். குழாயை 3க்கு 4 ஆக்கி, சுவரிலிருந்து ஏழு அடி தள்ளி விட்டோம். மூடி இன்னும் போடவில்லை. அதற்குள் ஆகஸ்ட் 17, 18 மழை வந்துவிட்டது. பியர்சனில் 120 மில்லிமீற்றருக்கும் மேல். எங்கள் பக்கம் எவ்வளவு விழுந்தது என்று அளக்கவில்லை, ஆனால் நல்ல மழை. குசினி யன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விளிம்பால் ஒரு துளி வழியவில்லை. குழாயின் வாயிலிருந்து தண்ணி தடித்து, புல்லை மடித்துக்கொண்டு ஓடியது. பேஸ்மென்ட் காய்ந்தே இருந்தது. பேஸ்மென்ட்டை நனைத்தது மூடி இல்லாத குறை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவானது.

ஆனாலும் மூடியும் போட்டேன், ஏணிக்காக. செப்டெம்பரில் பின்பக்கம் 45 அடிக்கு மட்டும் துளை போட்ட அலுமினியம், திருகாணி கழற்றினால் திறக்கலாம். அதற்கு 430 டொலர். மேப்பிள் நிழல் விழாத முன்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். நவம்பர் இலை பெரும்பாலும் காய்ந்து பறந்துவிட்டது. இந்த ஜூனில் விதைகளில் கொஞ்சம் தலைகீழாகத் துளைகளில் செருகி, செட்டை வெளியே தெரிய நிமிர்ந்து நின்றன. மேல்மாடிப் படுக்கையறை யன்னலிலிருந்து கைக்கு எட்டுகிற இடத்தில் நானே பிடுங்கினேன். மிச்சத்தை அடுத்த காற்று கொண்டுபோனது. குழாய் அடைக்கவில்லை.

போன வாரம் ஆள் வைத்து ஒரு மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அடியில் ஒரு விரல் தடிப்புக்குக் கறுப்பு மணல், கன்று ஒன்றுகூட இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் திறந்து கழுவினால் போதும் என்றார். அப்பா கீழே புல்லில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.