வைல்ட்கேட் தோட்டாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ஈரோட்டிலிருந்து:

வணக்கங்க. வைல்ட்கேட் கார்ட்ரிட்ஜுக்குப் ‘பட்டறைத் தோட்டா’ என்று போடலாமா? இருக்கிற பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைக் குறுக்கி, தோளின் சரிவை மாற்றித் தனி ஆள் அமைத்துக்கொள்வதுதானே அது. அதற்கேற்ற அறையை, அதாவது தோட்டா அமரும் இடத்தை, குழலில் ரீமர் என்ற குடைகருவி விட்டுக் குடைய கடைசல் பட்டறையும் வேண்டும். ‘காட்டுப்பூனைத் தோட்டா’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

கோவையிலிருந்து:

பூனையை விட்டது நல்லதுங்க அண்ணா. ஆனால் பட்டறையும் ஒத்துவராது. பட்டறையில் செய்த துப்பாக்கி என்றாலே நம் பக்கம் கள்ளத் துப்பாக்கி என்றுதான் காதில் விழும். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது இங்கே குற்றம். அமெரிக்காவில் இது வெளிப்படையாக வளர்ந்த துறை, சொல்லிலேயே கறை ஏற்ற வேண்டாம்.

இலக்கணத்தை .22-250 என்ற அமெரிக்கத் தோட்டாவை வைத்துப் பார்ப்போம். .250 சாவேஜ் என்ற தோட்டாவின் கூட்டில் கழுத்தை .22 அங்குலத் துளை அளவுக்குக் குறுக்கிப் பல பத்தாண்டுகள் ஆளாளுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். 1965-ல் ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனம் அதை ஆலைத் தோட்டாவாக்கியது. அன்றோடு அது வைல்ட்கேட் இல்லை. கூடும் குண்டும் மாறவில்லை, அளவுகள் தரப்பட்டியலில் ஏறின, அவ்வளவுதான். ஆகவே ‘பட்டியலேறாத் தோட்டா’ என்பது என் முன்மொழிவு. ‘தரமேறாத’ என்றால் மட்டமான சரக்கு என்று பொருள்பட்டுவிடும்.

வேகத்தையும் இதில் கலக்கக் கூடாது. 1935-ல் வந்த .220 ஸ்விஃப்ட், 3.1 கிராம் குண்டை நொடிக்கு சுமார் 1,250 மீட்டரில் அனுப்பியது. அது ஆலைத் தோட்டா. 1,500 மீட்டரைத் தாண்டிவிடும் நோக்கில் ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கி வினைஞர், .378 வெதர்பி என்ற பெரிய கூட்டை .22-க்குக் குறுக்கினார். கிடைத்தது சுமார் 1,400. அவ்வளவு பெரிய கூட்டுக்கு அத்தனை சிறிய துளை. வெடிமருந்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் வேகம் அந்த விகிதத்தில் ஏறாது. இந்த நிலைக்கு, அதாவது ஓவர்போருக்கு, ‘மிகைக்கொள்ளளவுக் கூடு’ என்று தனியாக வைத்துக்கொள்வோம்.

குண்டின் சுழற்சியையும் கவனியுங்க. குழலின் உட்புறப் புரிப்பள்ளம் முறுக்கிச் செல்வதால்தான் குண்டு சுழல்கிறது. 14 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு உள்ள குழலில் ஸ்விஃப்ட் குண்டு நிமிடத்துக்குச் சுமார் 2,11,000 சுற்று சுழலும். நம் மில்களில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஸ்பிண்டில் 20,000-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. முறுக்கை 9 அங்குலமாக்கினால் 3,28,000 ஆகிவிடும். மேலுறை மெல்லிய குண்டாக இருந்தால் இலக்குக்குப் போகும் முன்பே காற்றில் சிதறிவிடும்.

ஈரோட்டிலிருந்து:

பட்டியலேறாத் தோட்டா பொருந்துகிறதுங்க, பட்டறையை விட்டுவிடுகிறேன். ‘தோட்டா’ மட்டும் உறுத்துகிறது. கிணறு வெட்டும்போது பாறைக்கு வைக்கும் வெடியும் நமக்குத் தோட்டாதான். செய்தித்தாளிலோ காலிக் கூட்டையும் உடம்பில் பாய்ந்த குண்டையும் தோட்டா என்றே எழுதுகிறார்கள். அறை முன்விளிம்பில் வரும் த்ரோட் எரோஷனுக்குத் ‘தொண்டை அரிப்பு’ போதுமா?

கோவையிலிருந்து:

முழுசுக்குத் தோட்டா, பித்தளைக்குக் கூடு, பறப்பதற்குக் குண்டு. இந்த மூன்றையும் கறாராகப் பிரித்து எழுதினால் கிணற்று வெடியோடு குழம்பாது.

தொண்டை அரிப்பு என்றால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். மண் அரிமானம் என்கிறோமே, அதுபோலத் ‘தொண்டை அரிமானம்’ என்போம். தேய்மானம் என்பது தவறு, உரசல் இங்கே முதல் காரணமே இல்லை. கொதிக்கும் வாயு சிறிய துளைக்குள் நெருக்கிப் பாயும்போது எஃகின் மேல்தோல் நொடிப்பொழுதில் சூடேறி ஆறுகிறது. அதில் வலைபோல மயிரிழை வெடிப்புகள் விழுந்து, விளிம்பு துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. புரிப்பள்ளம் தொடங்கும் இடம் முன்னே தள்ளிப்போக, குண்டு பிடிமானமில்லாமல் தாண்டும் தூரம் கூடிக் குறி சிதறும். குழல் ஆற இடைவெளி விடாமல் தொடர்ந்து சுட்டால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

இன்னொரு சொல்லும் பாக்கி. கழுத்தைக் குறுக்கும்போது பித்தளை தடிக்கும், இறுகவும் செய்யும். தடித்ததை வெளிப்பக்கம் கடைந்து எடுக்காவிட்டால், அறைக்குள் கழுத்து விரிய இடமில்லாமல் குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தம் எகிறிவிடும். இறுகியதைச் சூடுகாட்டி இளக்காவிட்டால் கழுத்து கீறிக்கொள்ளும். அந்தச் சூடு அடிப்பாகத்துக்கு இறங்கினாலோ கூடு அழுத்தத்தையே தாங்காது, ஆபத்து. இந்த அனீலிங்குக்குப் ‘பதமிளக்கல்’ என்று எழுதியிருக்கிறேன். ‘பதமிறக்கல்’தான் பட்டறை வழக்கு என்றால் அதையே போட்டுவிடுங்க.