பாட்டுதானே மேடம்

29சி பஸ்ஸில் ஒருத்தன் தன்னை இடித்த கதையை இங்கே எழுதியவருக்கு: இடித்தவனைவிட கண்டக்டர் சிரித்ததுதான் வலித்தது என்றீர்களே, எனக்கும் அப்படி ஒன்று உண்டு. பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ.

போன மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு வேளச்சேரி விஜயநகரில் தாம்பரம் போகிற வண்டியில் ஏறினேன். பின்னால் மூன்று பையன்கள். டிரைவர் பழைய சூப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார், ஏமாத்திட்டா, பொண்ணுங்களை நம்பாதே மச்சான் என்று போகுமே, அந்த ரகம். பையன்கள் அதில் 'அவளே' வருகிற இடத்தில் எல்லாம் 'மஞ்ச சுடிதாரே' என்று போட்டுப் பாட ஆரம்பித்தார்கள். மஞ்சள் சுடிதார் நான்தான். டிரைவர் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு சத்தத்தையும் ஏற்றினார். "குறைங்கண்ணா" என்றேன். "பாட்டுதானே மேடம்."

எனக்கு உறைத்தது வேறு. அடுத்த வரி என்னவென்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. 2011 கடைசியில் ஊரே சூப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது நான் காலேஜ் இரண்டாம் வருடம். அடுத்த கல்சுரல்ஸில் இதே பாட்டுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, பையன் வேஷத்தில் ஆடிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இத்தனைக்கும் அதே மேடையில் ஈவ் டீசிங் சட்டம் பற்றிக் கூட்டமெல்லாம் நடத்துவார்கள். 1998ல் இதே சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பல் சீண்டியதில் ஒரு மாணவி உயிரைவிட்டபிறகு வந்த சட்டம் அது. 2002ல் அதன் பெயரில் இருந்த ஈவ் டீசிங்கை எடுத்துவிட்டுப் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றினார்கள். சினிமாவில் அதற்குப் பெயர் இன்னும் லவ்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்தில் காலிக் கூடையோடு ஒரு பூக்கார அம்மா. "யோவ், பாட்ட அமத்து. இல்லாங்காட்டி இங்கியே எறங்கிக்கிறேன், துட்டு கெடையாது." எதிர் சீட்டில் இருந்த இரண்டு பெண்களும் நாங்களும்தான் என்றார்கள். மூன்று பேர் சவாரி போய்விடுமே, பட்டென்று நின்றது பாட்டு. அந்த அம்மா பள்ளிக்கரணையில் இறங்கினார். வண்டி நகர்ந்ததும் டிரைவர் மறுபடி போட்டார், கொஞ்சம் சன்னமாக.

---

இந்த ஷேர் ஆட்டோ கதையைப் படித்ததும் என் பழைய வேலை ஞாபகம் வந்தது. வடபழனி பக்கம் ஒரு யூடியூப் சேனலில் எடிட்டிங் பார்த்தேன். ஒரு நடிகை நாற்பது நிமிடம் டப்பிங் பற்றியும், சம்பள பாக்கி பற்றியும் அருமையாகப் பேசியிருந்தார். வீடியோவின் முகப்புப் படத்துக்கு, அதான் தம்ப்நெயிலுக்கு, அவர் முகத்தை வைத்தேன். "முகத்துக்கு எவன் க்ளிக் பண்ணுவான்" என்றார் எனக்கு மேலே இருந்தவர். தண்ணீர் பாட்டிலை எடுக்க அந்த நடிகை குனிந்த அரை நொடியைத் தேடி நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டமும் போட்டேன். சொன்னது மேலே இருந்தவர், கத்தரித்தது என் கை. நானும் பெண்தான். கமெண்டில் டப்பிங் பற்றி ஒருத்தர் பேசவில்லை.

---

நான் ஆண். இங்கே எழுதலாமா தெரியவில்லை, சின்ன விஷயம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பொண்டாட்டி ஜோக் ஒன்றை ஃபார்வர்டு பண்ணினேன், சித்தப்பா மூன்று சிரிப்புப் பொம்மை போட்டார். ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே அம்மா கேட்டார், "அதுல சிரிக்க என்னடா இருக்கு? எனக்கு விளங்கல, சொல்லு." மூன்றாவது தோசை வரை விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.