புரோநோட்டு வழக்கும் கிரய ஒப்பந்த வழக்கும்: எந்த ஊர் கோர்ட்டில் போடுவது?

வைகைக்கரை:
பணம் கொடுத்தவர் மதுரை, வாங்கியவர் கோவை. 6 லட்சத்துக்குப் புரோநோட்டு (கடனுக்கான உறுதிச்சீட்டு) எழுதியதும் பணம் கைமாறியதும் திருச்சியில். இதே இருவருக்குள் திண்டுக்கல் மனை ஒன்றுக்குக் கிரய ஒப்பந்தமும் இருக்கிறது. அதுவும் திருச்சியில் எழுதியதுதான். வக்கீல் நோட்டீஸ் மதுரையிலிருந்து போயிருக்கிறது. இரண்டு வழக்கையும் மதுரையிலேயே போடலாமா?

கட்டுக்காகிதம்:
போட முடியாது. வாதி குடியிருக்கிறார் என்பதால் மட்டும் ஒரு சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் வந்துவிடாது. நுகர்வோர் புகாரை, 2019 சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். அதை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

புரோநோட்டுக்கு சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) 20-வது பிரிவு. பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர், இல்லையென்றால் வழக்கு மூலத்தில் (வழக்குப் போடக் காரணமான சம்பவங்களில்) ஒரு பகுதியாவது எழுந்த ஊர். ஆக கோவை அல்லது திருச்சி. நோட்டீஸ் எங்கிருந்து போனது என்பது கணக்கில் வராது. நோட்டிலேயே 'மதுரையில் செலுத்துகிறேன்' என்று எழுதியிருந்தால் மட்டும் மதுரைக்கும் வழி உண்டு.

மனைக்கு அதே சட்டத்தின் 16-வது பிரிவு. கிரயத்தோடு சுவாதீனமும் (மனையை நம் கைவசம் ஒப்படைப்பது) கேட்டால் திண்டுக்கல்தான். ஹர்ஷத் சிமன்லால் மோடி வழக்கில் (2005) ஒப்பந்தம், பணம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எல்லாம் டெல்லி. மனை மட்டும் குர்கான். டெல்லி கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்றது உச்ச நீதிமன்றம். பிரதிவாதி முதலில் அதிகாரத்தை ஒப்புக்கொண்டிருந்தும் அது செல்லவில்லை. சுவாதீனத்தைத் தனியாகக் கேட்காவிட்டால் கிடைக்காது என்பதையும் (குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 22) மறக்க வேண்டாம்.

வைகைக்கரை:
தெரியாமல் மதுரையில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நோட்டு எழுதி மூன்று வருஷம் முடிய இன்னும் சில வாரம்தான்.

தாவா எண்:
பிராது (வழக்கு மனு) தள்ளுபடி ஆகாது. சி.பி.சி. ஆர்டர் 7 ரூல் 10-ல் திருப்பித் தருவார்கள். அதற்கு முன்பே எந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, ரூல் 10ஏ-யில் மனுப் போட்டு ஆஜராகத் தேதி வாங்கலாம். அங்கே விசாரணை முதலிலிருந்து தொடங்கும். பழைய சாட்சியம் கூட வராது. கட்டிய கோர்ட் ஃபீஸைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

ஆபத்து காலவரையறையில்தான். தவறான கோர்ட்டில் போன நாட்களைக் கழிக்கக் காலவரையறைச் சட்டத்தின் 14-வது பிரிவு இருக்கிறது, ஆனால் நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தியதாகக் காட்ட வேண்டும். அதிகாரமில்லை என்று தெரிந்தும், நமக்கு அருகில் என்பதற்காக மதுரையில் போட்டவருக்கு அதைக் காட்டுவது கஷ்டம். கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே மூன்று வருஷம் ஓடுகிறது. நோட்டீஸ் தேதியிலிருந்து அல்ல. எனவே புரோநோட்டு வழக்கைக் கோவையில் போடுங்கள். பிரதிவாதி குடியிருக்கும் ஊர் என்றால் ஆட்சேபிக்க இடமே இல்லை.

கட்டுக்காகிதம்:
பிராதில் அதிகாரப் பத்தியைப் பழைய பிராதிலிருந்து நகல் எடுக்காதீர்கள். 'இக்கோர்ட் எல்லைக்குள் வழக்கு மூலம் எழுந்தது' என்று மொட்டையாக எழுதினால் முதல் ஆட்சேபணை அங்கேதான் கிளம்பும். எந்தத் தேதி, எந்த ஊர், என்ன நடந்தது, பிரதிவாதி விலாசம் எந்தக் கோர்ட் எல்லையில் வருகிறது என்று எழுதுங்கள். அசலோடு தாக்கல் தேதி வரை வட்டியையும் கூட்டி மதிப்புப் போட்டு, அந்தத் தொகைக்கு உரிய கீழ்நிலைக் கோர்ட் முன்சீப்பா, சப் கோர்ட்டா என்று அங்குள்ள வக்கீலிடம் உறுதிசெய்யுங்கள். சி.பி.சி. 15-வது பிரிவு கேட்பது அதைத்தான்.

காவிரிப்பாலம்:
ஒன்று விட்டுப்போச்சு. கிரய ஒப்பந்தத்தில் 'திருச்சி கோர்ட்டுக்கே அதிகாரம்' என்று வரி இருந்தாலும் அதை நம்பி அங்கே போகாதீர்கள். இயல்பாகவே அதிகாரமுள்ள இரண்டு கோர்ட்டுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத்தான் அப்படி எழுதலாம். இல்லாத அதிகாரத்தை எழுதிக் கொடுக்க முடியாது. புரோநோட்டும் மனையும் தனித்தனி வழக்கு.