மூளைக்கட்டி ஆபரேஷன்: எம்ஆர்ஐ இருக்கும்போது ஒளிரும் மருந்து எதற்கு?

கேள்வி: அண்ணனுக்கு மூளையில் கட்டி, வேகமாக வளரும் கிளியோமா என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் குடிக்க ஒரு மருந்து தருவார்களாம், அது கட்டியை ஒளிர வைக்குமாம். எம்ஆர்ஐ படமும், அதை வைத்துக் கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் நேவிகேஷன் கருவியும்தான் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு?

பதில் 1: நேவிகேஷன் காட்டுவது முன்பே எடுத்த படத்தை. மண்டையோட்டைத் திறந்து மூளையுறையை வெட்டியதும் தண்டுவட நீர் வடியும், மூளை கொஞ்சம் கீழே இறங்கிவிடும், கட்டியை எடுக்க எடுக்க இன்னும் நகரும். சில நேரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட. பழைய வரைபடத்தை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான். அதனால்தான் நடுவில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கிறார்கள், வசதி இருந்தால் ஆபரேஷன் நடக்கும்போதே எம்ஆர்ஐ.

பதில் 2: அந்த மருந்து 5-ஏஎல்ஏ. மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் 3 மணி நேரம் முன் குடிக்க வேண்டும். கட்டி செல்களில் அது வேறொரு பொருளாக மாறிச் சேரும், மைக்ராஸ்கோப்பில் நீல வெளிச்சம் போட்டால் சிவப்பாக ஒளிரும். 2006-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், எம்ஆர்ஐயில் சாயமருந்தால் பளிச்சென்று தெரியும் கட்டிப் பகுதியை முழுதாக எடுக்க முடிந்தவர்கள் இந்த மருந்தோடு 65%, சாதாரண வெளிச்சத்தில் 36%. பெரிய வித்தியாசம் இல்லையா! அமெரிக்காவில் 2017-இல்தான் அனுமதி கிடைத்தது.

பதில் 3: ஒளிர்வதையெல்லாம் வெட்டிவிட முடியாது. பேச்சு, கை கால் அசைவுக்கான நரம்புப் பாதை பக்கத்தில் இருந்தால் நிறுத்தத்தான் வேண்டும். மெதுவாக வளரும் கிளியோமா பெரும்பாலும் ஒளிராது.

கேள்வி கேட்டவர்: சரி, புரிகிறது. குடித்த பிறகு வீட்டில் எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில் 2: வெயிலும் பலமான விளக்கும் 1–2 நாளைக்கு ஆகாது, தோல் சிவந்துவிடும்.