ஸ்டேஜ் பியானோல இவ்ளோ நாப், எதுல ஆரம்பிக்கறது?

கட்டைவிரல்:
வணக்கம் மக்களே, முன்னாடி சின்ன கீபோர்டு வாசிச்சிட்டு இருந்தேன், இப்பதான் 88 கட்டை ஸ்டேஜ் பியானோ கைக்கு வந்திருக்கு. பியானோ சவுண்ட எடுத்து வாசிக்கற வரைக்கும் ஓகே. ஆனா பேனல்ல லேயர், ஸ்ப்ளிட், ஈக்யூ, ரிவெர்ப், டச், அது போக எஃபெக்ட்னு தனியா ரெண்டு, எதைத் திருகினாலும் ஏதோ மாறுது, பழைய நிலைக்குக் கொண்டுவரத் தெரியல. இன்னொண்ணு, ஹெட்போன்ல அருமையா கேக்கற அதே சவுண்ட் ஸ்பீக்கர்ல அடைச்ச மாதிரி வருது. எதை முதல்ல பழகணும்?

பெடல்பாண்டி:
தைரியமா திருகுங்க ப்ரோ, ஸ்டோர் பட்டன அழுத்தாத வரைக்கும் ஒண்ணும் போயிடாது, பெரும்பாலும் வேற சவுண்டுக்குப் போய்ட்டுத் திரும்பினாலே பழசு வந்துடும் (சில மாடல்ல லைவ்னு ஒரு மோட் இருக்கும், அது மட்டும் தானா சேவ் ஆகும்). ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி, நீங்க சேவ் பண்ணதும் சேர்ந்து போயிடும்.

என்னைக் கேட்டா முதல்ல தொட வேண்டியது டச் செட்டிங். நீங்க எவ்ளோ வேகமா அழுத்துறீங்கங்கறத மெஷின் 1-லேர்ந்து 127-க்குள்ள ஒரு நம்பரா எடுத்துக்குது. நல்ல பியானோக்கள்ல மெதுவா அடிச்சதும் ஓங்கி அடிச்சதும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ண சாம்பிள், அதனால நம்பர் மாறினா வால்யூம் மட்டும் இல்ல, டோனே மாறும். சவுண்ட் டல்லா இருக்குன்னு ட்ரெபிள ஏத்திட்டே போறவங்க நெறய பேர், டச்ச லைட்டுக்கு மாத்தினாலே பாதி சரியாயிடும். ரிவெர்ப் (எதிரொலி) ஜீரோ, ஈக்யூ (பாஸ், ட்ரெபிள் ஏத்தி இறக்கறது) நடுவுல, இப்படி வெச்சு ஒரே ஒரு பியானோ சவுண்டோட கொஞ்ச நாள் இருங்க.

ராகமாலிகை88:
ரிவெர்ப் ஜீரோவா? ஹெட்போன்ல அப்படி வாசிச்சா காதுக்குள்ள வறண்டு கெடக்கும், வாசிக்கற ஆசையே போயிடும் பாண்டி 😄 கொஞ்சம் இருக்கட்டும். ஹால்ல வாசிக்கும்போது குறைச்சா போதும், அந்த ஹாலே எதிரொலி கொடுக்கும்.

அடைச்ச மாதிரி வர்றதுக்கு, ஒரு ஸ்பீக்கர் தானே வெச்சிருக்கீங்க? ஹெட்போன்ல கேட்டது ஸ்டீரியோ. ஒரே ஸ்பீக்கர்னா எல்/மோனோனு போட்டிருக்கற ஜாக்ல மட்டும் கேபிள் சொருகுங்க, ஆர் சைடு காலியா இருந்தா உள்ளயே ரெண்டையும் சேர்த்து அனுப்பிடும். ஆனா ஸ்டீரியோ சாம்பிள் அப்படிச் சேரும்போது சில சுரம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு உள்வாங்கும், மோனோ பியானோனு தனியா சவுண்ட் இருந்தா அதைப் போட்டுப் பாருங்க. அப்பவும் அடைப்பு தெரிஞ்சா ஈக்யூல 200-லேர்ந்து 400 ஹெர்ட்ஸ் பக்கம் லேசா குறைங்க. ஏத்தறத விட குறைக்கறது தான் பெரும்பாலும் நல்லது. மிக்சர்ல மைக் இன்புட்ல சொருகிடாதீங்க, லைன் இன்புட் தான்.

கட்டைவிரல்:
ஆமாங்க ஒரே ஸ்பீக்கர் தான், ரெண்டு கேபிளையும் ஒய் கன்வெர்ட்டர் போட்டு சேர்த்திருந்தேன்! கழட்டினதும் நல்லாவே தெளிவாயிடுச்சு, நன்றி. லேயர், எஃபெக்ட் எல்லாம் எப்ப தொடலாம்?

பெடல்பாண்டி:
லேயர்ல பியானோவோட ஸ்ட்ரிங்ஸ் சேர்த்தா ஸ்ட்ரிங்ஸ் வால்யூம முழுசா இறக்கிட்டு, அது இருக்கறது லேசா தெரியற வரைக்கும் மட்டும் ஏத்துங்க. எஃபெக்ட்ட பியானோல போட்டுப் பழகாதீங்க, எலக்ட்ரிக் பியானோவுக்குப் போங்க, ரோட்ஸ், வுர்லிட்சர் டைப்புக்கு ட்ரெமோலோ (சத்தம் ஏறி இறங்கி அலையும்), ஆர்கனுக்கு ரோட்டரி (சுழலற ஸ்பீக்கர் மாதிரி கேக்கும்), அங்க தான் ஒவ்வொண்ணும் எதுக்குன்னு காதுல தெரியும். பிடிச்சது கெடச்சா உடனே காலியான யூசர் ஸ்லாட்ல ஸ்டோர் பண்ணிடுங்க.

கட்டைவிரல்:
சரி. கடைசியா ஒண்ணு, சில நேரம் சஸ்டெயின் பெடல் தலைகீழா வேலை செய்யுது, காலை எடுத்தா தான் இழுக்குது?

ராகமாலிகை88:
ஆன் பண்ணும்போது கால் பெடல் மேல இருந்திருக்கும். நெறய மாடல்ல அந்த நேரத்துல தான் பெடல் எந்தப் பக்கம்னு பாத்து வெச்சுக்கும். ஆஃப் பண்ணிட்டு, பெடல் சொருகியே இருக்கட்டும், கால எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. அப்பவும் அப்படியேன்னா பெடல் அடில ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா மெனுல பெடல் போலாரிட்டினு இருக்கும்.