பழைய ட்யூனர்: ஸ்டீரியோ வந்து வந்து போகிறது, அவசரம்

மரப்பெட்டி:
வணக்கம். பழைய எஃப்எம் ட்யூனர் (ஆம்ப்ளிஃபையரோடு இணைத்துக் கேட்கும் ரேடியோ பெட்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன், எழுபதுகளில் வந்தது என்றார்கள். ஆன் செய்தவுடன் சத்தம் அருமை. எஃப்எம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் பொய் என்று ஆகிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஸ்டீரியோ விளக்கு அணைந்துவிடுகிறது. ஆஃப் செய்து மறுபடி போட்டால் சில சமயம் வருகிறது, சில சமயம் வருவதில்லை. இந்த வாரக் கடைசியில் ஒரு நேரடி இசை ஒலிபரப்பு இருக்கிறது, அதற்குள் சரியாக வேண்டும். என்ன செய்யலாம்?

சாலிடர்புகை:
மாடல் என்ன? ஆன்டெனா என்ன, வெறும் ஒயரா? எல்லா ஸ்டேஷனிலும் இப்படியா, ஒன்றில் மட்டுமா? "கொஞ்ச நேரம்" என்றால் ஐந்து நிமிடமா, ஒரு மணி நேரமா? இதையெல்லாம் சொன்னால்தான் யாராவது ஏதாவது சொல்ல முடியும் நண்பரே.

ஏணிமேல்:
மாடல் எதுவாக இருந்தாலும் சரி, முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள். ஸ்டீரியோவுக்கு மோனோவைவிடப் பல மடங்கு வலுவான சிக்னல் வேண்டும். இடது, வலது இரண்டையும் கூட்டிய ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை அப்படியே போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸை நடுவில் வைத்து 23 முதல் 53 வரை ஏற்றி அனுப்பப்படுகிறது. எஃப்எம்மில் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும், அதனால் அந்த மேல் பகுதியைக் கீழே இறக்கும்போது இரைச்சலும் கூடவே இறங்கி வருகிறது. ஸ்டீரியோவில் இரைச்சல் 20 டெசிபலுக்கும் மேல் கூடுவது இதனால்தான். பின்னால் ஒரு முழம் ஒயரைத் தொங்கவிட்டுவிட்டு ட்யூனரைக் குறை சொல்லக் கூடாது. குறுக்கே சுமார் ஒன்றரை மீட்டர் வருகிற டி வடிவ ஆன்டெனா ஒன்றை 300 ஓம் முனைகளில் மாட்டிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

புதுக்கெப்:
ஆன்டெனா என்றால் ஆரம்பத்திலேயே வராது, வந்துவிட்டுப் போகாது. வயசான எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் காரணம். பவர் சப்ளையில் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எந்தப் பழைய செட் வந்தாலும் நான் முதலில் செய்வது இதைத்தான், அப்புறம்தான் பவரே கொடுப்பேன்.

மூத்தகாது:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் படிக்கும் பழக்கம் புதிதாக வருகிறவர்களிடம் இல்லை. தம்பி, சிக்னல் ஜெனரேட்டர், ஸ்டீரியோ என்கோடர், டிஸ்டார்ஷன் மீட்டர் மூன்றும் இல்லாதவர்கள் ட்யூனரின் மூடியைத் திறக்கக் கூடாது. அலைன்மென்ட், அதாவது உள் சுற்றுகளைச் சரியான அதிர்வெண்ணுக்கு ஒத்திசைப்பது, என்னவென்று தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். அப்படி மாற்றி நாசமான செட்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

புதுக்கெப்:
நாற்பது ஐம்பது வருஷம் சூட்டில் இருந்த எலக்ட்ரோலைட்டிக் நல்லா இருக்கும் என்று நீங்கள் சொன்னால் சரி ஐயா.

மூத்தகாது:
அளந்து பார்த்துவிட்டு மாற்று என்கிறேன். ட்யூனர் என்பது ஆம்ப்ளிஃபையர் இல்லை. ஐஎஃப் பகுதியில், அதாவது வந்த சிக்னலை இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் இடத்தில், கை வைத்தால், கம்பியின் நீளம் கொஞ்சம் மாறினாலும் அலைன்மென்ட் நகரும்.

ஓடைக்காரன்:
தப்பாக நினைக்காதீர்கள், எதற்கு இவ்வளவு பாடு? எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே கிடையாது. பெரும்பாலான ஸ்டேஷன்கள் பாட்டை அமுக்கி, லிமிட்டரில் நசுக்கித்தான் அனுப்புகின்றன. நார்வே 2017லேயே தேசிய எஃப்எம் ஒலிபரப்புகளை நிறுத்திவிட்டது, சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 கடைசியில் நிறுத்தியது. இணையத்தில் அதே ஸ்டேஷனைக் கேளுங்கள், இரைச்சலே இருக்காது.

பண்பலைப்பித்து:
ஓடைக்காரன் அண்ணா, நசுக்கி அனுப்புகிற ஸ்டேஷன் இணையத்திலும் பெரும்பாலும் நசுக்கித்தான் அனுப்பும், அதற்கு எஃப்எம் என்ன செய்யும்? 15 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்குக் காரணம் 19இல் நிற்கும் பைலட் டோன், இது ஸ்டீரியோ ஒலிபரப்பு என்று ட்யூனருக்குச் சொல்ல ஸ்டேஷன் கூடவே அனுப்பும் ஒலி, அதற்கு இடம் விட்டாக வேண்டும். அமெரிக்காவில் 1961இல் இந்த ஸ்டீரியோ முறைக்கு அனுமதி கிடைத்தபோதே ஏற்கப்பட்ட எல்லை அது. அரங்கில் மைக் வைத்து நேரடியாக ஒலிபரப்பும் நிகழ்ச்சியை ஒரு நல்ல ட்யூனரில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள், அந்த எல்லையை யார் தேடுகிறார்கள் என்று. கைதட்டல் ஒன்று போதும். மட்டமான ரேடியோவில் அது மழைச் சத்தம், நல்ல ட்யூனரில் தனித்தனிக் கைகள்.

அப்புறம் அந்தக் காலத்து எஞ்சினியர்கள் இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1960களில் வந்த மரான்ட்ஸ் 10பியில் முன் முகப்பிலேயே ஒரு சிறு ஆசிலாஸ்கோப் திரை. சிக்னல் நேராக வருகிறதா, எங்கோ மோதித் திரும்பியும் வருகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே ஆன்டெனாவைத் திருப்பலாம். மெக்கின்டாஷ் எம்ஆர்78 வலுவான ஸ்டேஷனை ஒட்டி நிற்கும் பலவீனமான ஸ்டேஷனைப் பிரித்தெடுப்பதற்காகவே பேர் வாங்கியது. கென்வுட் பல்ஸ் கவுன்ட் டிடெக்டர் என்று தனி வழியே போட்டது. ஒருவரை ஒருவர் முந்தப் போட்டி போட்டுச் செய்த பெட்டிகள் இவை. இன்றைக்கு நகத்தளவு சிப் ஒன்றில் எல்லாம் முடிந்துவிடுகிறது, சிக்னல் குறைந்தால் அது சத்தமில்லாமல் ஸ்டீரியோவைக் குறுக்கி மோனோவாக்கிவிடும், கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. காரில் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து கேட்பதற்கு எனக்கு எதையும் மறைக்காத பெட்டி வேண்டும்.

ஓடைக்காரன்:
கைதட்டலைக் கேட்கவா இவ்வளவு செலவு?

ஏணிமேல்:
செலவு ஆன்டெனாவுக்குத்தான் செய்ய வேண்டும்.

மரப்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி. மாடல் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்துபோய்விட்டது, படிக்க முடியவில்லை. வெள்ளி முகப்பு, மர உறை, நீள டயல், இரண்டு மீட்டர். டயல் 88 முதல் 108 வரை. கூரையில் ஆன்டெனா இருக்கிறது, சிக்னல் மீட்டர் முள் கடைசி வரை போய் நிற்கிறது. எல்லா ஸ்டேஷனிலும் இப்படித்தான். சூடு ஏறின பிறகு அணைகிறது என்று நினைக்கிறேன்.

நடுமுள்:
கூரை ஆன்டெனா, முள் முழுக்க ஏறுகிறது, எல்லா ஸ்டேஷனும் என்றால் ஆன்டெனாவை விட்டுவிடலாம். இரண்டே விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, விளக்கு அணையும்போது ஒலி மாறுகிறதா? பாட்டு அகலமாக இருந்தது சட்டென்று நடுவில் குவிந்து, மெல்லிய உஸ் சத்தமும் குறைந்தால், இடது வலதைப் பிரிக்கும் டிகோடர் மோனோவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஒலி மாறாமல் விளக்கு மட்டும் போனால் அந்தக் குட்டி பல்போ அதன் சாலிடரோதான். இந்தக் காலத்து செட்டுகளில் பெரும்பாலும் எரியும் இழை பல்புதான், நாளானால் போகும்.

இரண்டாவது, அந்த நேரத்தில் நடு மீட்டரின் (ஸ்டேஷனில் சரியாக நிற்கிறோமா என்று காட்டுவது) முள் எங்கே இருக்கிறது? முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்து, குமிழைத் துளி திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்ததும் விளக்கு எரிந்தால், ட்யூனிங் நகர்கிறது. சாயாமல் நட்ட நடுவில் நின்றும் விளக்கு இல்லை என்றால் கதை வேறு.

கூடவே, முகப்பில் மியூட்டிங் சுவிட்ச் (ஸ்டேஷன்களுக்கு நடுவில் வரும் இரைச்சலை அடக்குவது) எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். பல செட்டுகளில் மியூட்டிங்கை ஆஃப் செய்தால் ஸ்டீரியோவும் சேர்ந்தே போய்விடும், இரண்டும் ஒரே பொத்தான்.

மூத்தகாது:
மியூட்டிங் என்றால் ஆரம்பத்தில் ஸ்டீரியோவே வந்திருக்காது. கேள்வியைச் சரியாகப் படிக்க வேண்டும்.

நடுமுள்:
வந்து போகிறது என்கிறார், பொத்தானில் அழுக்கு இருந்தாலும் வந்து போகும். அதனால்தான் கேட்டேன் சார்.

சாலிடர்புகை:
மூடியைத் திறக்க முடிந்தால் போர்டில் பெரிய ஐசி எதுவென்று பார்த்து எண்ணைச் சொல்லுங்கள். மெயின்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். மறுபடி பவர் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமும் சுவிட்ச் பக்கமும் கை போகக் கூடாது.

பண்பலைப்பித்து:
மரப்பெட்டி, ட்ரெபிள் மங்கலாக இருக்கிறதா? ஸ்டேஷன் தூக்கி அனுப்பும் ட்ரெபிளை ட்யூனர் திரும்ப இறக்குவதுதான் டி-எம்ஃபசிஸ், அமெரிக்கச் செட் என்றால் அது 75 மைக்ரோ செகண்ட், ஐரோப்பாவிலும் மற்றப் பல நாடுகளிலும் ஒலிபரப்பு 50. 75 செட்டில் 50 ஒலிபரப்பைக் கேட்டால் மேல் ஸ்வரங்கள் 3 டெசிபலுக்கும் மேல் இறங்கும்.

மூத்தகாது:
அவர் கேட்டது ஸ்டீரியோ விளக்கு. டி-எம்ஃபசிஸ் எதற்கு இப்போது? ஓரிரண்டு ரெசிஸ்டரையோ கெப்பாசிட்டரையோ மாற்றினால் முடியும் வேலை, கேட்கும்போது சொல்லலாம்.

மரப்பெட்டி:
பார்த்துவிட்டேன். விளக்கு அணையும்போது பாட்டு நடுவுக்குப் போய்விடுகிறது, உஸ் சத்தமும் குறைகிறது. நடு முள் அசையவே இல்லை, சரியாக நடுவில். மியூட்டிங் ஆன்தான், பொத்தானை நாலைந்து தரம் அழுத்தியும் மாற்றமில்லை. ஐசி எச்ஏ1156.

நடுமுள்:
அப்படியானால் இடம் தெரிந்துவிட்டது. எச்ஏ1156 என்பது மோட்டோரோலா எம்சி1310 வகை பிஎல்எல் ஸ்டீரியோ டிகோடர், அதாவது தன் அலையை வரும் சிக்னலோடு பூட்டிக்கொண்டு வேலை செய்வது. உள்ளே 76 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஓர் ஆசிலேட்டர் (தானே அலை உண்டாக்கும் சுற்று) இருக்கிறது. அதை நாலால் வகுத்தால் 19, அதை ஸ்டேஷனிலிருந்து வரும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டோடு பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டினால் விளக்கு எரியும், ஸ்டீரியோ வரும். ஆசிலேட்டர் தானாக ஓடும் வேகத்தை வெளியே இருக்கும் ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் ஒரு ப்ரீசெட்டும் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) தீர்மானிக்கின்றன. இவை வயசாகிக் கொஞ்சம் நகர்ந்து, பூட்டு பிடிக்கிற எல்லையின் ஓரத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். செட் குளிர்ந்திருக்கும்போது எல்லைக்குள், சூடானதும் வெளியே. உங்கள் அறிகுறி அச்சாக இதுதான்.

செய்ய வேண்டியது: செட்டை ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள், விளக்கு அணைந்த நிலையிலேயே வேலை செய்ய வேண்டும். ஐசி பக்கத்தில் இருக்கும் ப்ரீசெட்டைக் கண்டுபிடியுங்கள், போர்டில் பெரும்பாலும் விசிஓ (அந்த ஆசிலேட்டரின் பெயர்ச் சுருக்கம்) என்றோ 19 அல்லது 76 என்றோ அச்சடித்திருக்கும். அதன் இப்போதைய நிலையை மெல்லிய பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் மரக்குச்சி ஒன்றால் ப்ரீசெட்டை லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது விளக்கு மினுக்கினால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது, திருகிப் பிரயோஜனமில்லை, அதே மதிப்பில் புதிதாக ஒன்று போடுங்கள். மினுக்கவில்லை என்றால் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். விளக்கு எரியும் இடம் ஒன்று வரும், அதே பக்கம் தொடர்ந்து போனால் மறுபடி அணையும் இடம் ஒன்று வரும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். சிக்னல் கொஞ்சம் குறைவான ஸ்டேஷனில் இன்னொரு தரம் சரிபாருங்கள்.

வேறு எதையும் தொடாதீர்கள், முக்கியமாக அந்த உலோக டப்பாக்களின் தலையில் தெரியும் ஃபெரைட் திருகுகளை. அவை உடைந்தால் திரும்பக் கிடைக்காது.

மூத்தகாது:
ஃப்ரீக்வென்சி கவுன்டர் வைத்து 76க்கு வைப்பதுதான் முறை. காதாலும் விளக்காலும் வைப்பது ஒப்பேற்றல். பூட்டின் நடுவில் நிற்காவிட்டால் இடது வலது பிரிவு குறையும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நடுமுள்:
கவுன்டர் இருந்தால் நிச்சயம் அதுதான் நல்லது சார், அதுவும் டெஸ்ட் பாயிண்டில் 19ஐ அளப்பது. இல்லாதவருக்கு எல்லைகளின் நடுவைப் பிடிப்பது பல சர்வீஸ் கையேடுகளிலேயே சொல்லியிருக்கிற மாற்று வழி.

புதுக்கெப்:
பவர் சப்ளை வோல்டேஜையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அது இறங்கினாலும் ஆசிலேட்டர் நகரும்.

மூத்தகாது:
இது சரியான பேச்சு. அளந்து பார்க்கச் சொல்கிறாரே.

ஓடைக்காரன்:
ஒரு விளக்கு எரிவதற்கு இவ்வளவு என்றால் எனக்குப் புரியவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். இதில் என்ன பிடித்திருக்கிறது உங்களுக்கெல்லாம்?

பண்பலைப்பித்து:
உண்மையாகக் கேட்பதால் சொல்கிறேன். ட்யூனிங் குமிழுக்குப் பின்னால் கனமான ஃப்ளைவீல் இருக்கும், ஒரு சுண்டு சுண்டினால் டயல் முள் பாதித் தூரம் தானாக ஓடும். ஸ்டேஷன் நெருங்கும்போது சிக்னல் முள் எழும், நடு முள் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி நடுவுக்கு வந்து நிற்கும், மியூட்டிங் திறக்கும், விளக்கு எரியும், அறை அகலமாகும். ஒவ்வொரு படியும் உள்ளே நடக்கிற ஒரு வேலை. சிக்னல் முள் உங்கள் ஆன்டெனாவைப் பற்றிச் சொல்கிறது, நடு முள் டிடெக்டரைப் பற்றி, விளக்கு பைலட்டைப் பற்றி. கெட்டுப்போனாலும் எங்கே கெட்டது என்று அதே முள்ளும் விளக்கும் சொல்லிவிடும். இந்த இழையிலேயே நடுமுள் அதை வைத்துத்தானே கண்டுபிடித்தார்? நான் கேட்கிற சத்தம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிகிறது, அதைத் திருத்தவும் முடிகிறது. ஸ்ட்ரீம் நின்றால் காத்திருப்பதைத் தவிர நான் செய்ய ஒன்றுமில்லை.

ஓடைக்காரன்:
சரி, இது புரிகிறது. ஒலித் தரத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏணிமேல்:
நல்ல ஆன்டெனா போட்டுக் கேட்டால் ஒத்துக்கொள்வீர்கள்.

மரப்பெட்டி:
குச்சியால் அழுத்தியதும் விளக்கு மினுக்கியது. ப்ரீசெட்டை மாற்றினேன், நடுவில் வைத்தேன். ஒலிபரப்பு முழுக்க ஸ்டீரியோ போகவே இல்லை. எல்லோருக்கும் நன்றி.

சாலிடர்புகை:
மகிழ்ச்சி. பழைய ப்ரீசெட்டின் மதிப்பு எவ்வளவு, புதிதாக என்ன வகை போட்டீர்கள் என்று எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

நடுமுள்:
செர்மெட் (பீங்கானும் உலோகமும் கலந்த தடம்) வகை போட்டிருந்தால் இனி அவ்வளவாக நகராது. கார்பன் என்றால் சில மாதம் ஓடி நிலைத்த பிறகு ஒருமுறை அந்த இரண்டு எல்லைகளையும் மறுபடி பார்த்து நடுவில் வைத்துவிடுங்கள்.

சாலிடர்புகை:
மரப்பெட்டி, மதிப்பு?