மகளின் மிட்செல் விருது தடங்கி நிற்கிறது, என்ன செய்யலாம்?

செல்வம், டெக்சாஸ்:
வணக்கம். பதினைந்து வயதாகும் என் மகள் அமெரிக்க விமானப்படைக்குத் துணையான தன்னார்வ அமைப்பு சிவில் ஏர் பேட்ரோலில் கேடட், அதாவது பயிற்சி மாணவி. மிட்செலுக்கு முந்தைய படியான ஆம்ஸ்ட்ராங் கட்டத்தின் கட்டுரை, மேடைப் பேச்சு இரண்டையும் முடித்து, இப்போது சீஃப் மாஸ்டர் சார்ஜென்டாக இருக்கிறாள். அடுத்தது பில்லி மிட்செல் விருது. கிடைத்தால் கேடட்களில் அதிகாரி நிலைக்குப் போய் செகண்ட் லெப்டினன்ட் ஆவாள்.

வண்டி இங்கேதான் நின்றுவிட்டது. விமான, விண்வெளிப் பாடத் தேர்வில் 80 சதவீதம் வேண்டும். அவளுக்கு 74 வந்தது. என்கேம்ப்மென்ட் என்ற பயிற்சி முகாமுக்கும் இன்னும் போகவில்லை. போன கோடையில் தஞ்சாவூரில் என் தங்கை மகளின் திருமணம், எல்லோரும் ஊருக்குப் போய்விட்டோம். மறுதேர்வுக்கு எப்படிப் படிக்க வைப்பது? விருதை முதலில் கொடுத்துவிட்டு முகாமை அடுத்த கோடையில் வைத்துக்கொள்ளும்படி ஸ்குவாட்ரன் (உள்ளூர்ப் பிரிவு) கமாண்டருக்கு நானே எழுதலாமா? கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவும் என்பதால் கேட்கிறேன்.

கார்த்திக், நியூஜெர்சி:
நானும் அந்தத் தேர்வை எழுதியவன்தான், அண்ணா. அதற்கு முந்தைய விமானப் பாடத் தேர்வுகளை எல்லாம் இணையத்தில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். மிட்செலுக்குப் புத்தகம் கிடையாது, கண்காணிக்க ஒருவர் இருப்பார். இறக்கையின் தூக்குவிசையை விளக்கும் விதிக்குப் பெயர் தந்த பெர்னூலி எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை அப்போதுதான் பெர்னூலியையே சந்திக்கிறது!

பறத்தலின் அடிப்படை, விமான உறுப்புகள், ராக்கெட் இவற்றை எல்லாம் ஆசையாகப் படித்துவிடுவோம். எனக்கு மதிப்பெண் போனது வளிமண்டலப் பகுதியில். உங்கள் மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்ந்த காற்றின் விளிம்பு) எப்படி வெப்பக் காற்றின் அடியில் ஆப்புப் போல நுழைகிறது, அதன்மேல் எந்த மேகம் எழும்புகிறது என்று படம் போட்டு விளக்கச் சொல்லுங்கள். வரைய முடிந்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சும்மா அடிக்கோடிட்டுப் படிப்பதில் ஒரு பயனும் இல்லை.

சந்திரா, ஓஹையோ:
தம்பி செல்வம், நான் இங்கே ஒரு ஸ்குவாட்ரனில் தேர்வுகளைக் கவனிக்கும் தன்னார்வலர். அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள்.

கமாண்டர் மனம் இரங்கினாலும் அது அவர் கையில் இல்லை. என்கேம்ப்மென்ட் இல்லாமல் மிட்செல் இல்லை என்பது தேசிய அளவில் உள்ள விதி. முகாம் ஏறத்தாழ ஒரு வாரம் நடக்கும். அதில் 80 சதவீதமாவது இருந்து முடிக்க வேண்டும். இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டு வருகிற வேலை நடக்காது.

விதி ஒருபுறம் இருக்கட்டும். செகண்ட் லெப்டினன்ட் ஆனபிறகு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உங்கள் மகளுக்குச் சல்யூட் வைப்பார்கள். அவள்தான் அவர்களுக்காகப் பெரியவர்களிடம் போய்ப் பேச வேண்டும். தனக்காகவே அப்பா பேச வேண்டியிருந்தால் அந்தப் பதவி எதற்கு? எங்களிடம் ஒரு பையன் பதவி உயர்வுக்கான நேர்காணலுக்கு வந்தான். அம்மா வாசல்வரை வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார். கேட்ட பாடக் கேள்விக்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. பிறகு கமாண்டர், "உன் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த கேடட்டின் பெயர் என்ன?" என்றார். பையன் கூரையைப் பார்த்தான். அன்று அவனுக்குக் கையெழுத்துக் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளைப் பாடத்துக்கு மட்டும் தயார் செய்து அனுப்புகிறோம். அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து எனக்கு இது நன்றாகத் தெரிகிறது.

உடற்தகுதித் தேர்வையும் மறக்க வேண்டாம். 20 மீட்டர் தூரத்தில் இரண்டு கோடுகள். ஒலி எழும்பும்போதெல்லாம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓட வேண்டும், போகப்போக இடைவெளி குறையும். முதல் சுற்றுகளில் சிரித்துக்கொண்டு ஓடும் பிள்ளைகள்தான் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கல்லூரியைப் பற்றிக் கேட்டீர்கள். கேடட்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத்தான் மிட்செல் கிடைக்கிறது, அதற்கு மதிப்பு உண்டு. விமானப்படையில் அதிகாரியாக அல்லாமல் வீரராகச் சேர்ந்தால் மிட்செல் பெற்றவர்கள் ஈ-1 என்ற அடிமட்டத்தில் இல்லாமல் ஈ-3 நிலையிலேயே தொடங்கலாம். ஆனால் அதற்காக முழு ஆட்டத்தையும் அவசரப்படுத்தாதீர்கள். 21 வயதுவரை கேடட்டாக இருக்கலாம்.

ஒன்று சொல்லட்டுமா? இந்த மிட்செல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவின் அதிகாரி; 1921இல் ஆஸ்ட்ஃபிரீஸ்லாண்ட் என்ற பழைய ஜெர்மன் போர்க்கப்பலை விமானத்திலிருந்து குண்டு போட்டு மூழ்கடித்துக் காட்டியவர். 1925இல் மேலதிகாரிகளைப் பகிரங்கமாகச் சாடி இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியவர். கீழ்ப்படிதலைச் சொல்லித்தரும் அமைப்பு இவர் பெயரில் விருது கொடுக்கிறது! உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள், படிக்க ஆர்வம் வரும்.

செல்வம், டெக்சாஸ்:
நன்றி அக்கா. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. மகளிடம் காட்டினேன். "நான்தான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, கமாண்டருக்கு அவளே எழுதினாள். பக்கத்து மாநிலத்தில் குளிர்கால என்கேம்ப்மென்ட் ஒன்று இருக்கிறதாம். வெளிமாநிலத்தில் முடித்தால் கணக்கில் வருமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?

சந்திரா, ஓஹையோ:
தாராளமாக வரும். ஆனால் அனுமதி வாங்க வேண்டும், அதையும் அவளே கேட்கட்டும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சைவம் என்பதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்தான். பூட்ஸ் புதிதாக வாங்குவதானால் இன்றே வாங்கி வீட்டில் போட்டு நடக்கவிடுங்கள். முகாமில் மருந்து கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் குதிகாலில் கொப்புளத்தோடு வருகிறவர்கள்.